துயிலெழ மறுக்கும் பழங்கணினிகள்

எத்துணைத் தேர்ந்த கழைக்கூத்தனாயினும் தன் தோளின்மேல் தானே ஏறவல்லான் அல்லன் என்பது நம் தருக்க நூலார் எடுத்தாளும் உவமைகளுள் ஒன்று. மின்விசை பெற்ற கணினி செய்யவேண்டிய முதற் காரியமும் ஏறக்குறைய அத்தகையதே. நிரல் ஒன்றை நினைவகத்தில் ஏற்றிய பின்னரே அது எதனையும் செய்ய வல்லது. அந்நிரலை ஏற்றுதற்கோ பிறிதொரு நிரல் வேண்டும். ஒருவன் தன் சப்பாத்து வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் வேடிக்கை மொழியினின்றும் ஆங்கிலேயர் இத்தொடக்கச் செயலுக்கு 'பூட்' எனப் பெயரிட்டனர். பொறியியலார் கண்ட தீர்வு எளிது. மிகச் சிறிய நிரல் ஒன்று தன்னினும் சற்றுப் பெரிய நிரலை எழுப்பும். அது தன்னினும் பெரியதை எழுப்பும். ஈற்றில் முழுப் பணிசெயல் முறைமையும் எழுந்து நிற்கும். பழைய கணினிகளில் லினக்சை நிறுவ முற்படுவார்க்கு நேரும் இடர்களுட் பெரும்பாலன இந்நிரையில் எங்கோ ஒருவன் கால் இடறியமையால் விளைவனவே. இடறியவன் யாவன் என அறிந்துகொள்ளுதல் பாதி வைத்தியமாகும்.

இதனைக் கல்லூரி மலரொன்றில் எழுதப் புகுதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு இலங்கையில் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அக்காலத்தை ஒட்டி வந்து சேர்ந்த கணினிகள் மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகள் சிலவற்றின் மூலைகளிற் சீலை போர்த்திக் கிடத்தலை யாம் கண்டுள்ளோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆந் திகதியும், விண்டோஸ் ஏழுக்கு 2020 ஜனவரி 14ஆந் திகதியும், விண்டோஸ் பத்துக்கு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியும் அவற்றை ஆக்கிய நிறுவனத்தின் ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் பதினொன்றோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பொறிகளைத் தனக்கு உரியனவாகக் கொள்வதில்லை. புதியன வாங்கலாமே எனின், 2022இல் அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவினின்றும் 350 ரூபாவைக் கடந்து சென்றதை மறந்தவர் நம்முள் இலர். நகரத்து மாணவனுக்கு வீட்டிலே மடிக்கணினி இருத்தல் கூடும். றத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் மேலேயுள்ள தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலையில் உள்ளதே கணினி. அது எழாவிடின் சாதாரண தரத் தகவல் தொழினுட்பப் பாடம் அப்பிள்ளைக்கு ஏட்டுச் சுரைக்காயே.

லினக்சு என்பது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம்முடைய 386 கணினிக்கென எழுதத் தொடங்கிய கரு நிரலாகும். அக்கருவைச் சூழப் பிற மென்பொருள்களைத் தொகுத்து அளிப்பனவே வழங்கல்கள். கண்டி நகருக்கு அருகே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரால், பெடோராவை அடியாகக் கொண்டு, இலங்கையிலேயே தொகுக்கப்பட்ட ஹந்தானை லினக்சும் அத்தகையதே. பழம்பொறிகளுக்கு ஏற்ற இலகு வழங்கல்களுள் 2003இல் அவுஸ்திரேலியரான பரி கோலர் தொடக்கிய பப்பி லினக்சு, டெபியன் வழிவந்த ஆன்டிஎக்ஸ், மிகச் சிறியதாகிய டைனி கோர், உபுண்டுவின் தம்பி எனத்தகும் லுபுண்டு ஆகியன பலரும் அறிந்தவை.

'லினக்சு எப்பழம்பொறியையும் ஏற்கும்' என்று சிலர் மேடைதோறும் கூறுவர். அஃது உண்மையன்று. எந்த 386 கணினிக்கென அக்கரு எழுதப்பட்டதோ அதனையே 2013இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்புக் கைவிட்டது. லுபுண்டு 18.04க்குப் பின்னர் நெடுங்கால ஆதரவுடைய 32 பிற்றுப் பதிப்பு லுபுண்டுவில் இல்லை. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிற்றுக் கணினிகளுக்குரிய நிறுவியை நீக்கிவிட்டது. ஆதலின் முதற்கண் வினவத்தக்கது பொறியின் புரோசெசர் எத்தகையது என்பதே. இன்டெல்லின் 'கோர் டுவோ', 'கோர் 2 டுவோ' என்னும் இரண்டும் 2006ஆம் ஆண்டிலேயே தோன்றியவை. பெயரில் உள்ள வேற்றுமை ஓரிலக்கமே. முன்னது 32 பிற்று. பின்னது 64 பிற்று. 2008இல் வந்த சிறு மடிக்கணினிகளின் 'அற்றம் என் 270' ஆண்டாற் பிந்தியதாயினும் 32 பிற்றே. 64 பிற்றுப் பதிப்பை 32 பிற்றுப் பொறியில் இட்டால், 'இக்கருவுக்கு 64 பிற்றுப் புரோசெசர் வேண்டும், இங்கே கண்டதோ ஐ 686' என்னும் பொருள்படத் திரையில் ஆங்கிலத்தில் ஓரறிவிப்பு வந்து நின்றுவிடும். இதனை வைரசு என்று அஞ்சிய மாணவரும் உளர்; பொறியோ தன் நிலையை நேர்மையாகக் கூறுகின்றது.

இதனின் நுணுக்கமானது பி.ஏ.ஈ. பற்றிய தடை. 32 பிற்றுப் பொறி 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தையும் முகவரியிடுதற்கென அமைந்த ஏற்பாடு அது. 2012 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு 12.10 முதல் அக்குடும்பத்து 32 பிற்றுக் கருக்கள் யாவும் அதனைக் கட்டாயமாக வேண்டின. 2003இல் வெளிவந்த பென்டியம் எம் புரோசெசர்களுள் முந்தியனவற்றுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு: அவ்வாற்றல் அவற்றிடம் இருந்தது, உண்டோ என வினவினால் இல்லை என்று விடையிறுத்தன. ஆற்றலிருந்தும் சபையில் வாய் திறவாத மாணவன் போலும்! கருவும் அவ்விடையை நம்பி நின்றுவிடும். உபுண்டு 14.04 முதல் இதற்கு மருந்து கிடைத்தது. தொடக்கப் பட்டியலிற் கருவுக்குரிய வரியின் ஈற்றில் 'போர்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் பீ, ஏ, ஈ என்னும் மூன்று எழுத்துகளையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுதல் வேண்டும். பின்னர் இரு சிறு கோடுகளை இட்டு அதே சொல்லை மீட்டும் எழுதுக. முதலாவது நிறுவும் பொழுதுக்கு. இரண்டாவது நிறுவப்பட்ட முறைமை நாளையும் அதனை மறவாதிருத்தற்கு. இரண்டாவதை விட்டவர், நிறுவல் இனிது முடிந்த பின்னர் மறுமுறை எழாத கணினியைக் கண்டு மயங்குவர். புரோசெசரிடம் அவ்வாற்றல் உண்மையாகவே இல்லையெனின், பி.ஏ.ஈ. வேண்டாக் கருவோடு வரும் வழங்கலை நாடுதலே வழி. ஆன்டிஎக்ஸ் அத்தகைய கருவை வழங்கி வந்துள்ளது.

பென் டிரைவில் வழங்கலை ஏற்றுதல் எளிய காரியமாயினும் மிகப் பலர் இடறும் இடம் இதுவே. இணையத்திற் பெற்ற பிரதிக் கோப்பை ஏனைய கோப்புகளைப் போலப் பென் டிரைவிற் படியெடுத்து வைத்தல் போதாது. நூலை மூட்டையாகக் கட்டிப் பெட்டியில் இடுதலுக்கும் ஏட்டில் எழுதுதலுக்கும் உள்ள வேற்றுமை இங்கு உண்டு. ரூபஸ் போன்ற கருவி கொண்டு பிற்றுப் பிற்றாக அதனை எழுதவேண்டும். மலைப்புறத்திற் கைபேசி இணைப்பால் இறக்கிய கோப்பு இடையில் அறுந்து குறையாக நிற்றலும் உண்டு. வழங்கலை ஆக்கினோர் வெளியிடும் சரிபார்ப்பு எண்ணோடு நம் கோப்பின் எண்ணை ஒப்பிட இரண்டு நிமிடம் செல்லும். ஒப்பிடாதார் இரண்டு நாள் இழப்பர். மேலும், 2000ஆம் ஆண்டை ஒட்டிய பொறிகள் பல யூ.எஸ்.பி. வழியாக எழ அறியா. அவற்றுக்கு இறுவட்டே ஏற்றது. இறுவட்டுச் செலுத்தி பழுதாயின், வன்றட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டி அங்கே நிறுவி மீட்டல் உத்தமம். நிறுவுதற்கு முன் வன்றட்டில் உள்ள மாணவர் ஆக்கங்களைப் படியெடுத்து வைத்தலைச் சொல்லவும் வேண்டுமோ? கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரையில் ஏட்டிலேறிய திரிபிடகம் பல்லிடத்தும் படியெடுக்கப்பட்டமையாலேயே, 1848இன் மாத்தளைக் கிளர்ச்சியில் அவ்விகாரையின் சுவடிகள் அழிந்தபோதும் நூல் அழிந்திலது.

இனி வன்றட்டினின்றும் எழும் முறையைச் சற்று விரிவாக நோக்குவாம். தாய்ப்பலகையில் உறையும் பயோஸ் என்னும் நிரல் முதலில் நினைவகம், சாவிப்பலகை முதலியவற்றைச் சோதிக்கும். பின்னர் வன்றட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுகளை மட்டும் படிக்கும். அவற்றுள் 446 பைற்றுகள் நிரலுக்கு உரியன. 64 பைற்றுகள் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை. எஞ்சிய இரண்டும் முத்திரை. முத்திரை காணப்படாவிடின் எழுப்பத்தக்க முறைமை ஒன்றும் இல்லை என்று அறிவித்து நின்றுவிடும். 446 பைற்றில் எவ்வளவு அறிவைத்தான் அடைக்கலாம்? அங்குள்ள சிறு நிரல் தன் அண்ணனைக் கூவி எழுப்புதலன்றிப் பிறிதொன்றும் அறியாது.

முன்னாளில் லினக்சை எழுப்பிய 'லிலோ' என்னும் ஏற்றி இதனை அழகாகக் காட்டியது. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை அது ஒரேயடியாக எழுதுவதில்லை. ஒவ்வொரு படி நிறைவேறுந்தோறும் ஒவ்வோரெழுத்தாகத் திரையிற் பொறிக்கும். 'எல்' என்பதோடு நின்றால் முதற் பகுதி எழுந்தது, இரண்டாம் பகுதியை ஏற்ற இயலவில்லை. 'எல், ஐ' என்பதோடு நின்றால் இரண்டாம் பகுதி ஏறியது, இயங்கவில்லை. நான்கெழுத்தும் தோன்றின் யாவும் நலம். லிலோவின் வளர்ச்சி 2015 இறுதியில் நின்றது. பழுதின் இடத்தைப் பெயரைக் கொண்டே கூறிய அச்சிக்கனம் அதன் வழித்தோன்றல்களிடம் இல்லை என்பது எம் கருத்து.

இன்று வழங்கும் ஏற்றி 'கிரப்' என்பதாகும். 446 பைற்றில் அடங்காத தன் நடுப்பகுதியை அது வட்டின் முதற் கூறுக்கும் முதற் பிரிவுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் வைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பிரிவுகள் 63ஆங் கூறில் தொடங்கின. ஆதலின் அவ்விடம் ஏறத்தாழ 31 கிலோபைற்று மாத்திரமே. புதிய கருவிகள் 2048ஆங் கூறில் தொடங்குமாறு ஒரு மெகாபைற்று விட்டுவைக்கும். பழைய பிரிவை அழியாது அதன்மேல் லினக்சை நிறுவுவார்க்குச் சிற்சில வேளைகளில் 'இடம் மிகக் குறுகியது' என்னும் தடை தோன்றுதற்குக் காரணம் இதுவே. பிரிவுகளைப் புதிதாக வகுத்தால் அது தீரும். நடுப்பகுதி எழுந்தும் தன் எஞ்சிய உறுப்புகள் உள்ள பிரிவைக் காணாதபோது 'கிரப் ரெஸ்கியூ' என்னும் சொற்களோடு திரை காத்து நிற்கும். அங்கே எல், எஸ் என்னும் ஈரெழுத்தைத் தட்டினால் கிரப் தான் காணும் பிரிவுகளைப் பட்டியலிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து தன் உறுப்புகள் இருக்கும் இடத்தை நாமே காட்டிக்கொடுத்தால் எழும். எழுந்தபின் கிரப்பை மீள நிறுவுதல் வேண்டும். இன்னொரு பிழை நகைப்புக்கு உரியது. நிறுவும்போது கிரப்பை வன்றட்டில் எழுதாது நிறுவற் பென் டிரைவிலேயே எழுதிவிடுதல் உண்டு. பென் டிரைவ் செருகியிருக்குங்காறும் கணினி எழும், கழற்றினால் எழாது.

பட்டியல் தோன்றிக் கருவும் ஏறத் தொடங்கிய பின்னர்த் திரை கருமையாகுமேல், எழாதது கணினியோ திரையோ என்று முதலில் அறிக. சாவிப்பலகையில் 'கெப்ஸ் லொக்' சாவியை அழுத்துக. அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் வருமாயின் கரு உயிரோடிருக்கின்றது. காட்சிச் சில்லை இயக்குதலிலேயே இடர். அப்பொழுது கருவின் வரியில் 'நோ, மோட், செட்' என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி எழுதினால் எளிய காட்சி முறையில் எழும். பழைய எஸ்.ஐ.எஸ்., வியா சில்லுகள் உள்ள பொறிகளில் இஃது அடிக்கடி வேண்டப்படும். மாறாக விளக்குகள் தாமாகவே மின்னிக்கொண்டிருந்தால் கரு திகைத்து நின்றது என்க. அதற்கு நினைவகப் பழுதும் காரணமாகலாம். 'மெம்டெஸ்ட்' என்னும் சோதனையை ஓரிரவு ஓடவிடுக. அதற்கு முன் ராம் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை எழுத்தழிக்கும் இறப்பரால் மெல்லத் துடைத்துப் பூட்டிப் பார்த்தல் நலம். நக்கிள்ஸ் சாரலின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கிற் கிடந்த பொறிகள் சில இவ்வொன்றினாலேயே உயிர்பெற்றன.

சில பழுதுகள் நிறுவிய அன்று தோன்றா. மாதங்கள் கழித்தே வெளிப்படும். பழைய பயோஸ்கள் வன்றட்டின் கூறுகளை எண்ண 28 பிற்றுகளையே பயன்படுத்தின. கூறொன்றுக்கு 512 பைற்று எனப் பெருக்கினால் 137 கிகாபைற்று வரும். அதற்கு அப்பாலுள்ளது அவற்றின் கண்ணுக்குப் புலனாகாது. அதற்கும் முந்தியனவற்றின் எல்லை 8.4 கிகாபைற்றே. இத்தகைய கணினியில் 250 கிகாபைற்று வன்றட்டைப் பூட்டி லினக்சை நிறுவினால் நன்றாகவே எழும். ஏனெனில் வெற்று வட்டில் முதலில் எழுதப்படும் கரு பெரும்பாலும் தொடக்கத்தை அண்டியே அமையும். எழுந்தபின் லினக்சு பயோஸை நம்பாது தானே வட்டை முழுதும் காணும். சில மாதங்களின் பின் புதுக் கரு ஒன்று இற்றைப்படுத்தலில் வந்து சேரும். இம்முறை அஃது எல்லைக்கு அப்பால் எழுதப்படுமாயின், மறுநாட் காலை 'வட்டுக்கு வெளியே படிக்க முயன்றது' என்னும் பொருள்படக் கிரப் முறையிடும். 'நேற்றுவரை வேலை செய்ததே' என்று ஆசிரியர் வன்றட்டைப் பழிப்பர்; புதிய வன்றட்டும் வாங்குவர்; அதுவும் பெரியதாகவே இருக்கும்! நிறுவும்போதே வட்டின் தொடக்கத்தில் ஒரு கிகாபைற்று அளவிற் கருவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஒதுக்கிவிட்டால் இவ்விடர் ஒருபோதும் அணுகாது.

எம் அனுபவத்திற் பட்ட ஒன்றைக் கூறுவாம். மலைப்புறப் பாடசாலை ஒன்றிற் கணினியொன்று திங்கட்கிழமைகளில் மட்டும் எழ மறுத்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை யாதொரு குறையும் இல்லை. திங்களன்றோ, கோப்பு முறைமையிற் பிழை உளது, கையாற் சோதிக்குக என்று கூறி நின்றுவிடும். சோதனையை நடத்தினால் எழும்; அடுத்த திங்கள் மீட்டும் அதே கதை. வட்டு பழுதென்று கருதி இருமுறை மீள நிறுவினோம். பயன் இல்லை. வெள்ளிக்கிழமை மாணவர் எவரோ குறும்பு செய்கின்றனர் என்று ஐயுற்று, அவ்வகுப்பினர் சில கிழமைகள் கணினி அறைக்குள் வரவிடப்பட்டிலர். அதனை இன்று எண்ணினும் நாணம் உண்டாகின்றது.

உண்மையை வெளிப்படுத்தியவள் தடுக்கப்பட்ட அவ்வகுப்பின் மாணவி ஒருத்தியே. திரையில் வந்த அறிவிப்பைத் தன் கொப்பியில் எழுத்துப் பிசகாது படியெடுத்திருந்தாள். அதில் 'இறுதியாக ஏற்றிய நேரம் எதிர்காலத்தில் உளது' என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. யாம் அவ்வரியைப் பலமுறை கண்டும் படித்தேம் அல்லேம். கடந்த வெள்ளி எவ்வாறு எதிர்காலமாகும்? கணினியின் கடிகாரத்தைப் பார்த்தபோது அது 2002 ஜனவரி முதலாந் திகதியிற் கிடந்தது. தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 என்னும் காசளவான 3 வோல்ற்று மின்கலம் வற்றியிருந்தது. வாரநாள்களிற் சுவரின் ஆளி திறந்தே கிடந்தமையால், கணினி அணைந்திருந்த இரவுகளிலும் மின்வழங்கியினின்றும் சிறு மின்னோட்டம் கடிகாரத்தை ஓடச்செய்தது. வெள்ளி மாலை காவலாளி இடியேறுக்கு அஞ்சி அறையின் பிரதான ஆளியை மூடிச் செல்வார், கடிகாரம் நின்றுவிடும். திங்கட் காலை 2002இற் கண் விழித்த கணினி, தன் வட்டில் வருங்காலத் திகதி பொறித்திருத்தலைக் கண்டு திகைத்தது. காவலாளி செய்தது சரியே. மழைக்கால இடிமின்னலுக்குப் பொறியைக் காக்க வேறு வழி இல்லை. மின்கலத்தை மாற்றினோம். அக்கணினி அதன் பின்னர்த் திங்கட்கிழமைகளிலும் எழுந்தது.

மின்கலம் வற்றியதனால் நேரும் கேடு கடிகாரத்தோடு நில்லாது. பயோசில் நாம் அமைத்தவை யாவும் மறைந்து ஆலையில் இட்ட நிலைக்கு மீளும். வன்றட்டை இயக்கும் முறை மாறிவிட்டால், பழைய விண்டோஸ் எழாது நீலத்திரை காட்டும். லினக்சு பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். எழும் ஒழுங்கு மாறி, இல்லாத நெகிழ்வட்டைத் தேடிக்கொண்டு நிற்கும் பொறிகளும் உண்டு. ஆதலிற் பத்தாண்டு கடந்த எக்கணினியிலும் லினக்சை நிறுவுமுன் அம்மின்கலத்தை மாற்றுதல் எம் வழக்கமாயிற்று. பொறிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கொப்பி தொங்குகின்றது. திரையில் தோன்றும் அறிவிப்பைப் பொருள் விளங்கினும் விளங்காவிடினும் எழுத்துக்கெழுத்து அதில் எழுதிய பின்னரே மாணவர் பொறியை அணைக்கலாம்.

எழுப்பவே இயலாத பொறிகளும் உள. தாய்ப்பலகையைத் திறந்து நோக்குகையில், உருளை வடிவான மின்கொள்ளளவிகளின் தலை தட்டையாயிராது வீங்கியோ கசிந்தோ இருக்குமாயின் மென்பொருளால் ஆவது ஒன்றில்லை. 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் ஆக்கப்பட்ட பலகைகள் பலவற்றில் இக்குறை இருந்தது. கைதேர்ந்த வானொலி திருத்துநர் அவற்றை மாற்றித் தருவார். அவர் கிடையாராயின், அப்பொறியின் ராம், வன்றட்டு, மின்வழங்கி ஆகியவற்றைக் கழற்றிப் பெயர் எழுதி ஒரு பெட்டியில் இட்டுவைக்க. அடுத்த அறையில் உள்ள பொறி எழுதற்கு அவை உதவும்.